ஏழாவதாக ஒரு கரப்பான்பூச்சி

விருது கொடுத்தவரை யாராவது திட்டுவார்களா? சோடாபுட்டி திட்டினாள். மனதுக்குள்தான், ஆனால் நன்றாகவே திட்டினாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தபோது அவளுடைய வலைப்பூவில், நர்ஸக்கா என்ற பெயரில் எழுதுகிற பதிவரின் பின்னூட்டம் வந்திருந்தது. "தங்கச்சி, உனக்கு ஒரு விருது குடுத்திருக்கேன். என் பக்கத்துக்கு வந்து எடுத்துக்கோ. விதிமுறை உனக்கே தெரியும்."

விதிமுறை தெரியாத பதிவர் உண்டா? வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி ஒரு விருது கிளம்பும். ஒரு பூப்படம், அதன் மேல் பளபளவென்று நாலு எழுத்து. வாங்கியவர் முதலில் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் தன்னைப் பற்றி ஏழு உண்மைகள் எழுத வேண்டும். கடைசியாக, தனக்குப் பிடித்த ஐந்து பதிவர்களிடம் விருதைத் தள்ளிவிட வேண்டும். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஏழு உண்மையைக் கக்கி, ஆளுக்கு ஐந்து பேரைப் பிடிப்பார்கள். இரண்டே வாரத்தில் விருது வாங்காத ஆளைத் தேட வேண்டியிருக்கும். ஆனாலும் நம் பெயரை அங்கே பார்க்கும்போது மனசு கொஞ்சம் துள்ளத்தான் செய்கிறது. இல்லையென்று சொல்பவர் புளுகுகிறார்.

சோடாபுட்டி என்பது வலைப்பூவுக்காக அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. வாடிக்கையாளர் கடையின் முன்பக்கத்தில் ஃப்ரேம் எடுத்துவிட்டுப் போவார். பின்னால் இவள் லென்ஸில் நடுப்புள்ளி குறித்து, இயந்திரத்தில் மாட்டி, தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்சத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் கச்சிதமாக உட்கார வைப்பாள். மூன்று வருஷமாக அதைத்தான் வலைப்பூவில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுவிட்டுத் தொலைந்து போச்சென்று கடைக்கே ஓடிவந்தவர், புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று நாள் தலைவலியோடு திரிந்தவர், இப்படி. பின்னறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியாக ஒரு ஆளைப் பார்த்தால் போதும், ஒரு பக்கம் எழுதிவிடுவாள். "உங்களுக்கு வாய்தான் மூலதனம். உங்க வீட்டுக்காரர் காது என்ன பாடுபடுதோ!" என்று ஒருத்தர் எழுதினார். எல்லோரும் அதற்குக் கைதட்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். சோடாபுட்டிக்கு வாய் திக்கும்.

கொஞ்சநஞ்சமில்லை. ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டால் பஸ் வந்து, ஆள் ஏறி, பஸ் போய்விடும். கடையில் சேர்ந்த புதிதில் முதலாளி அவளை முன்பக்கம் நிறுத்திப் பார்த்தார். இரண்டே நாள். "உனக்கு எதுக்கும்மா சிரமம், உள்ள நிம்மதியா வேலை பாரு" என்று பின்னறைக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த நிம்மதியை அவள் கேட்கவில்லை.

வீட்டில் அவள் கணவர் இன்னொரு ரகம். டைல்ஸ் பதிக்கிறவர். தரையில் ஒரு இடுக்கு தெரிந்தாலே அதை அடைக்காமல் தூக்கம் வராத ஆள். மனைவி பேச்சில் இடுக்கு விழுந்தால் விடுவாரா? ஒருநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது இவள் அவர் கழுத்தைக் காட்டி, "பு… பு…" என்றாள்.

"புடவையா? வாங்கிட்டா போச்சு."

தலையை ஆட்டினாள். "பு…"

"புத்தகமா? புது சட்டையா? புரிஞ்சு போச்சு, புறா மறுபடி சன்னல்ல கூடு கட்டிருச்சா?"

அதற்குள் அந்தப் புழு காலருக்குள் இறங்கிவிட்டது. மனுஷர் தெருவில் ஆடிய ஆட்டத்தை அக்கம்பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். அன்பில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒரு நாளில் அவள் தொடங்குகிற சொற்களில் பாதியை அவர்தான் முடிப்பார், அதிலும் பாதி தப்பாக. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அதைச் சொல்ல அவள் இரண்டு தடவை வாயெடுத்தாள். அதையும் அவரே முடித்துவிட்டார்.

வலைப்பூவில் மட்டும்தான் அவள் சொல்லை அவளே முடித்தாள். அதனால்தான் பதிவர் சந்திப்புக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை உறவினர் கல்யாணம், இரண்டும் கப்சா. மூன்றாம் முறை நர்ஸக்கா விடவில்லை. "இந்தத் தடவை வரலேன்னா நானே ஊசியோட கடைக்கு வந்துருவேன்" என்றாள். சோடாபுட்டியும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வருகிற ஞாயிறு காலை பத்து மணி. சந்திப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று சொந்தப் பெயர், வலைப்பூவின் பெயர், தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது வழக்கம். திக்குகிறவர்களைக் கேளுங்கள், உலகத்திலேயே கடினமான சொல் எதுவென்று. சொந்தப் பெயர்தான். மற்ற சொல் வராவிட்டால் வேறொன்றை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், பெயருக்கு மாற்று எங்கே போவது?

போனால் சோடாபுட்டி செத்தாள். "ஐயோ பாவம்" என்ற முகத்தோடு இருபது பேர் பார்ப்பார்கள். அப்புறம் அவள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அந்தப் பாவத்தோடுதான் படிப்பார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே இடமும் பின்னறையாகிவிடும். இந்தப் பயத்துக்கு நடுவில்தான், சந்திப்புக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, ஏழு உண்மை எழுது என்று ஒரு விருது. திட்டாமல் என்ன செய்வாள்?

திட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். முதல் உண்மை, லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, சோடாபுட்டி என்பது வெறும் பந்தா. இரண்டாவது, கடைக்கு வருகிறவர்களில் யார் மறுபடி வருவார்கள் என்று அவர்கள் கண்ணாடியைத் துடைக்கிற விதத்திலேயே சொல்லிவிடுவாள். சட்டை நுனியால் துடைப்பவர் ஆறே மாதத்தில் கீறலோடு வருவார். மூன்றாவது, பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தும் பரிசு வாங்கியிருக்கிறாள், ஓடியதே மூன்று பேர். இப்படி ஆறு வரை சரசரவென்று வந்துவிட்டது. ஏழாவதில் கை நின்றது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சொல்ல முடியாத விஷயம் தொண்டையை அடைத்தால், முதலில் அதைக் கொட்டி எழுதிவிடுவாள். எழுதிப் படித்து, அழித்துவிட்டு, அப்புறம்தான் ஊருக்கான பதிவை எழுதுவாள். அன்றும் அப்படித்தான் ஏழாவதை எழுதினாள்:

"எனக்கு வாய் திக்கும். நீங்கள் நினைக்கிற வாயாடி நான் இல்லை. என் பெயரைச் சொல்லவே எனக்கு அரை நிமிஷம் ஆகும். திக்குவதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது. சொல் பாதியில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கிறார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. என் வாயிலிருந்து என் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறமாதிரி இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் நானே சொல்லிவிடுவேன். யாரும் பொறுத்ததில்லை."

படித்துப் பார்த்தாள். கண் கரித்தது. அந்த நேரம் பார்த்து முன்பக்கத்திலிருந்து முதலாளி, "அந்த ரெட்டைப் பவர் லென்ஸ் ஆச்சாம்மா? ஆள் நிக்கிறாரு" என்று குரல் கொடுத்தார். அவசரத்தில் 'சேமி' என்பதை அழுத்துவதற்குப் பதில் 'வெளியிடு' என்பதை அழுத்திவிட்டு ஓடினாள். பதிவு எழுதுகிற யாருக்கும் ஒருதடவையாவது நடக்கிற கூத்துதான், ஆனால் இப்படி ஒரு பதிவிலா நடக்க வேண்டும்!

இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், பதிவு வலைப்பூவில் இருந்தது. உட்காராமலே அதை அழித்தாள். நல்லவேளை, ஒரு பின்னூட்டம்கூட இல்லை. மதிய நேரம், யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? மூச்சு வந்தது. முதல் ஆறு உண்மையையும் அப்படியே வைத்து, ஏழாவதாக, "எனக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம்" என்று எழுதி, ஐந்து பதிவர்களுக்கு விருதையும் கொடுத்து, மறுபடி வெளியிட்டாள்.

மாலைக்குள் பின்னூட்டங்கள் வந்துவிட்டன. முதலில் வந்தவன் அரைக்கிறுக்கன். பஸ் டிரைவர், கவிதை எழுதுவான். யார் எதை எழுதினாலும் "முதல் ஆள் நான்தான்!" என்று துண்டு போட்டு இடம் பிடிப்பது அவன் வழக்கம். அன்றைக்கு அதைக் காணோம். "அக்கா, கரப்பான்பூச்சியை நாங்க பாத்துக்கறோம். நீங்க வாங்க" என்று மட்டும் எழுதியிருந்தான். அடுத்தது மொட்டைமாடி, ஓய்வுபெற்ற தபால்காரர், மாடியில் செடி வளர்ப்பதைப் பற்றி எழுதுகிறவர். "ஏழாவது உண்மை என்னை நிரம்ப யோசிக்க வைத்தது அம்மா" என்றார். கரப்பான்பூச்சியில் யோசிக்க என்ன இருக்கிறது? நர்ஸக்கா, "பயப்படாத பொம்பளை எவ இருக்கா? ஞாயித்துக்கிழமை மறக்காதே" என்றாள். இந்த மனுஷர்களுக்கு என்ன ஆச்சு என்று சோடாபுட்டி முழித்தாள். ஒருவேளை எல்லோருக்குமே கரப்பான்பூச்சி என்றால் பயமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டுப் போவார் என்று பார்த்தால், "நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே, உனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று கூடவே மாடியேறினார். அந்த ஒத்தாசை எதுவென்று அவளுக்குத் தெரியும். வாசகசாலையின் மாடி அறை. நீள மேசைகளை ஒதுக்கி நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தரையில் பெயர்ந்திருந்த ஒரு டைலைப் பார்த்ததும் கணவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

நர்ஸக்கா குண்டாக, உரத்த குரலோடு, எழுத்தில் இருந்தமாதிரியே இருந்தாள். "வா தங்கச்சி" என்று கட்டிக்கொண்டாள். அப்புறம் கைதட்டி எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, "இந்தத் தடவை ஒரு மாத்தம். நம்மளைப் பத்தி நாமளே பீத்திக்கிறது போதும். பக்கத்துல இருக்கவங்களை நாம அறிமுகம் செய்யணும். எழுத்தைப் படிச்சிருந்தா சொல்லத் தெரியும், படிக்காதவங்க மாட்டுவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சோடாபுட்டிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. என் அதிர்ஷ்டமே அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அரைக்கிறுக்கன் அவளை அறிமுகப்படுத்தினான். அவளே மறந்துபோன பதிவுகளையெல்லாம் சொன்னான். அவன் சித்தப்பா கண் அறுவைக்குப் பயந்து ஒளிந்தபோது, அவள் எழுதியதைப் படித்துக் காட்டித்தான் கூட்டிப்போனானாம். "அக்கா எழுதினதால ஒரு ஆளுக்குப் பார்வை வந்திருக்கு. இதுக்கு மேல என்ன விருது வேணும்?" என்று முடித்தான். அவளுக்கு முகம் சூடேறிவிட்டது. இவள் எழுதியது எங்கெல்லாமோ போய் என்னவெல்லாமோ செய்திருக்கிறது, இவள் பாட்டுக்குப் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீ இடைவேளை வந்தது. மொட்டைமாடி ஒரு தடித்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எனக்குத் திரையில படிச்சா கண்ணு எரியும்மா. நீங்க ஒரு பதிவு போட்டா மெயில்ல வந்துரும். மருமக அதை அச்சடிச்சுக் குடுத்துரும். மூணு வருஷத்துப் பதிவும் இருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். பிரித்துப் பார்த்தாள். அவள் எழுதியதெல்லாம் துளையிட்டுக் கோத்து, தேதி போட்டு இருந்தது. தபால்காரர் அல்லவா, ஒன்றும் தவறவில்லை. தான் எழுதியதைக் காகிதத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. புரட்டிக்கொண்டே கடைசிக்கு வந்தாள். ஏழு உண்மைகள். ஏழாவது கரப்பான்பூச்சி இல்லை.

"எனக்கு வாய் திக்கும்" என்று தொடங்கியது.

"அடடா!" என்று மொட்டைமாடி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தப் பக்கத்தை எடுத்து வெச்சுட்டு வரச் சொல்லி நர்ஸம்மா நாலு தடவை சொல்லுச்சு. என் மறதி…"

அவளுக்குப் புரிந்துவிட்டது. வலைப்பூவில் அழித்தால் வலைப்பூவில்தான் அழியும். மெயிலில் போனது போனதுதான். வெளியிட்ட அந்த நொடியே அத்தனை பேருக்கும் போய்விட்டிருக்கிறது. அத்தனை பேரும் படித்துவிட்டு, அவள் அழித்ததையும் பார்த்துவிட்டு, தெரியாதமாதிரி கரப்பான்பூச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எழுந்து நின்று பெயர் சொல்கிற வழக்கத்தையே மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் வந்தது கோபம்தான். அப்படியானால் நாடகமா இது? பாவம் பார்த்தா கூப்பிட்டீர்கள்? ஃபைலை அவர் கையில் திணித்துவிட்டுப் பையைத் தேடினாள். கணவரைக் கூப்பிட்டு ஸ்கூட்டரை எடுக்கச் சொல்ல வேண்டியதுதான். செருப்பு வரைக்கும் போய்விட்டாள்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து அவள் எத்தனை தடவை திக்கினாள்! சர்க்கரை போடலாமா என்று நர்ஸக்கா கேட்டபோது "பா… பா… பாதி" என்று சொல்லி முடிக்க எத்தனை நேரம்! அக்கா கொதிக்கிற டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றி, விரல் சுடச் சுட நின்றாளே தவிர "பாதியா?" என்று கேட்கவில்லை. அரைக்கிறுக்கன் ஏதோ கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். உலகத்தில் எதற்கும் முதல் ஆளாக முந்துகிறவன்! ஒருவர்கூட, ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கேட்டது அது ஒன்றுதானே. அழித்துவிட்ட ஒரு வரியைப் படித்துவிட்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இது பாவம் பார்க்கிறதா? பாவம் பார்க்கிறவன் பின்னறையைக் காட்டுவான். இவர்கள் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

சோடாபுட்டி திரும்பி நடந்தாள். வட்டத்தின் நடுவில் போய் நின்றாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கினார்கள்.

"எ… என் பேரு," என்றாள்.

அதோடு நின்றது. முதல் எழுத்து தொண்டையில் சிக்கிக்கொண்டது. தாடை இறுகியது. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அரைக்கிறுக்கன் டம்ளரை வாயருகே வைத்தபடி சிலையானான். மொட்டைமாடி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். மூலையில் அவள் கணவர் எழுந்துவிட்டார். இடுக்கு விழுந்துவிட்டதே! அவள் பெயர் அவருக்குத் தெரியாதா? வாயைத் திறந்தார். நர்ஸக்கா மொட்டைமாடியின் ஃபைலை வாங்கி, அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள். மனைவி எழுதியதில் ஒரு வரியும் அதுவரை படித்திராத அந்த மனுஷர் படித்தார். "யாரும் பொறுத்ததில்லை" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

திறந்த வாயை மூடினார். மூடிக்கொண்டு, கண் கலங்க, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சொன்னாள். அரை நிமிஷம் ஆயிற்றோ, அதற்கு மேலேயோ. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் தன் பெயரைத் தன் வாயாலேயே சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். "அப்புறம் சொல்லு தங்கச்சி" என்றாள் நர்ஸக்கா, எல்லோரிடமும் கேட்கிறமாதிரி.

"ரொ… ரொம்ப நன்றி," என்றாள் அவள். "எ… எனக்குக் கரப்பான்பூச்சின்னா பயமே கி… கிடையாது." அப்போதுதான் அறையே வெடித்துச் சிரித்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கணவர் ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினார். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "ஒன்பது வருஷம்…" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. சோடாபுட்டி எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். "ஒன்பது வருஷமா நான் உன்னைப் பேசவே விடலியா?" என்று ஒருவழியாகக் கேட்டு முடித்தார். அவள் அவர் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் பதிவைத் திறந்து கரப்பான்பூச்சியைத் தூக்கிவிட்டு, ஏழாவது உண்மையை அது இருந்த இடத்தில் வைத்தாள். "யாரும் பொறுத்ததில்லை" என்ற கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டாள். அது இப்போது உண்மையில்லை. அப்புறம், விருது கொடுத்த ஐந்து பேரின் பட்டியலுக்குக் கீழே இப்படி எழுதினாள்:

"விதிப்படி ஐந்து பேருக்குத்தான் கொடுக்க வேண்டும். நான் விதியை மீறி ஆறாவதாக ஒருவருக்குக் கொடுக்கிறேன். அவருக்கு வலைப்பூ கிடையாது. டைல்ஸ் பதிக்கிறவர். இன்று காலை அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை, நான் சொல்லி முடிக்கும்வரை சொல்லாமல் இருந்தார்."